ஈத்தந்துறையில் தந்திமீன் பட்ட வருஷம்

உலகம் இரண்டாம் தடவையாக அடித்துக்கொண்டு கிடந்த வருஷத்தில், சாளை வரவேண்டிய மாதத்தில் சாளை வராமல், ஈத்தந்துறைக்காரர்களின் கரைவலையில் தந்திமீன் பட்டது. உள்ளங்கை நீளம், கண்ணாடி நிறம், கண்ணும் இல்லை, செதிலும் இல்லை, எடுத்தால் ஈர வெற்றிலை அளவுக்குத்தான் கனம். ஆனால் எடுத்த கையில் சும்மா கிடக்காமல் டிட் டிட் டா, டா டிட் டா என்று விரலுக்கு நடுவே தட்டிக்கொண்டே இருக்கும். ஆழத்தில் ஜப்பான்காரனுடைய நீர்மூழ்கி ஒன்று திரிந்தது என்பதும், அது தன் தலைமைக்கு அனுப்பிய தந்தியெல்லாம் ஆகாயத்தில் போகாமல் தண்ணீரோடு தண்ணீராக வந்து இந்த ஊர் வலையில் விழுந்தது என்பதும் பிற்பாடு தெரிந்த சங்கதி. தெரிந்த பிறகும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வலையில் பட்டால் மீன், படாவிட்டால் தண்ணீர், அவ்வளவுதான் ஈத்தந்துறைக்குத் தெரிந்த சாஸ்திரம்.

முதல் நாள் அவர்களுக்கு இருந்த கவலை வேறு. இதைக் கூறு வைப்பதா, வேண்டாமா?

"வலையில வந்ததுக்குக் கூறு உண்டு" என்றாள் கித்தேரியம்மாள். அதோடு பேச்சு முடிந்தது.

கூறு வைக்கிறவள் அவள்தான். அவள் அப்பன் வைத்தான், ஆண்பிள்ளை இல்லாமல் செத்தான், கை அவளுக்கு வந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தக் கையைப் பற்றி ஒரு நாக்கும் ஒரு சொல் சொன்னதில்லை. வலைக்கு ஒரு கூறு, வள்ளத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கைம்பெண்களுக்கு ஒன்று, கயிறு பிடித்த ஏழு வீட்டுக்கு ஏழு என்று பதினொரு கூறு. முதல் மீனை முதல் கூறில் போட்டு, இரண்டாவதை இரண்டாவதில் போட்டு, பதினொன்று முடிந்ததும் மறுபடி முதலுக்கு வந்து, இப்படிச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே போவாள். வலையின் கடைசி மீனை மட்டும் எந்தக் கூறிலும் போடாமல், தண்ணீரில் கால் நனைய நின்று, கடலுக்கே வீசிவிடுவாள். கடலுக்கு உள்ளதைக் கடலுக்குக் கொடுக்காவிட்டால் அது ஆளாக எடுத்துக்கொள்ளும். இதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூக்கு இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா?

வைத்த கூறில் எது யாருக்கு என்று முடிவு செய்கிறவள் சலேத்தம்மாள். அவள் மீனுக்கு முதுகைக் காட்டிக் கோயிலைப் பார்த்து நிற்பாள். கித்தேரி ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பாள்; சலேத்தம்மாள் திரும்பாமல் வாயில் வந்த பெயரைச் சொல்வாள்; சொன்னது சொன்னதுதான். எல்லாப் பெயரும் சொல்லி முடிகிறவரை அவள் திரும்பக்கூடாது. கயிறு பிடித்த ஒருவனுக்குத் தொடர்ந்து மூன்று வாரம் நோஞ்சான் கூறாகவே விழுந்தால் அதற்குக் கோயிலில் இருக்கும் அந்தோணியார்தான் பொறுப்பே தவிர, மனிதர்கள் யாரும் இல்லை.

அப்படி மூன்று வாரம் விழுந்தது கித்தேரியின் புருஷன் இஞ்ஞாசிக்குத்தான். ஊரெல்லாம் சிரித்தது. கூறைத் தொடும்போது லேசாக ஒரு இருமல் இருமினால் சலேத்தம்மாளுக்குத் தெரிந்துவிடுமே, தன் பெண்டாட்டி அந்த உதவிகூடவா செய்யமாட்டாள் என்று அவன் கேட்டான். அவன் திக்குவாயன், கேட்டு முடிக்கவே ஒரு வேளை ஆனது. அவள் மாட்டேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "உ... உனக்குக் கூறு புருஷனா, நா... நான் புருஷனா?" என்றான் அவன். கடைசிச் சொல்லை எப்போதும்போல நீட்டி இழுத்துச் சொல்லிவிட்டுத் தூத்துக்குடி போய், 'லேடி மார்ஸ்டன்' என்ற சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் ஏறிவிட்டான். ஏறி ஏழு மாதம். ஒரு கடுதாசி இல்லை. கித்தேரி கருவாடு விற்றாள், கூறு வைத்தாள், கேட்டவர்களிடம் "சௌக்கியமா இருப்பாரு" என்றாள்.

தந்திமீனை ஊர் என்ன செய்தது என்றால், எல்லா மீனையும் என்ன செய்யுமோ அதைச் செய்தது. புளி கரைத்துக் குழம்பு வைத்தார்கள். ருசி ஒன்றும் இல்லை, ஆனால் தின்றவன் வயிற்றுக்குள் தின்ற வரிசையிலேயே மறுநாள்வரை தட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் காயப்போட்டார்கள், காயவில்லை. உப்புத்தண்ணீரில் போட்டு வைத்தால் மட்டும் நாள்கணக்கில் தட்டியது. எலி வராமல் இருக்க அரிசிப்பானைக்குள் ஒன்று, தூளியில் பிள்ளை தூங்க ஒன்று, ஜெபமாலை சொல்லும்போது தூங்கிவிழும் மாமியார் மடியில் ஒன்று என்று பத்தே நாளில் அதற்கு நூறு வேலை கண்டுபிடித்தார்கள்.

வம்பு வந்தது பங்குச்சாமியார் மூலமாக. இது மீனா, மீன் இல்லையா, வெள்ளிக்கிழமை தின்னலாமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆயரிடம் கேட்டுத் தந்தி அடிக்க உபதேசியாரை டவுனுக்கு அனுப்பினார். உபதேசியார் காலையில் இரண்டு தட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். தபாலாபீஸ் ஜன்னலில் வயிற்றை அண்டக்கொடுத்து நிற்க, உள்ளே இருந்த தந்தி குமாஸ்தா சந்தானகோபாலன் ஏதோ அவசரத் தந்தி வருகிறது என்று கைப்பழக்கத்தில் எழுத ஆரம்பித்து, ஒரு முழுத் தாள் எழுதி முடித்த பிறகுதான் மெஷின் மூடியிருப்பதைக் கவனித்தார். தாளில் இருந்தது எல்லாம் எண்கள். யுத்தகாலத்தில் புரியாத எண்ணைப் பார்த்தால் மேலே அனுப்பவேண்டும் என்று உத்தரவு. அனுப்பினார். ஆயரிடமிருந்து, தண்ணீரில் இருப்பதெல்லாம் மீன்தான், தின்னலாம், பூசை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று பதில் வந்த அதே நாளில், கடற்படை லாரி ஒன்று வயர்லெஸ் கம்பியை ஆட்டிக்கொண்டு ஈத்தந்துறைக்குள் வந்து பனைமரத்தடியில் நின்றது. அதிலிருந்து ஒரு துரையும், அவருக்குப் பின்னால், யூக்கலிப்டஸ் தைலம் நனைத்த கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சந்தானகோபாலனும் இறங்கினார்கள்.

இனி வலையில் வருவது முழுவதும் சர்க்காருக்கு என்றார் துரை. கித்தேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துரை கயிறு புடிச்சாரா?" என்று கேட்டாள்.

சந்தானகோபாலன் அதை மொழிபெயர்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு ராஜாங்கத்துக்கும் ஈத்தந்துறைக்கும் ஒப்பந்தம் ஆயிற்று: ராஜாங்கத்துக்குப் பன்னிரண்டாவது கூறு. மற்ற பதினொன்றையும் வேண்டுமானால் வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அப்படித்தான் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, முருங்கைக்காயைக்கூட எலும்புபோல இருக்கிறது என்று ஒதுக்கிய சந்தானகோபாலன், தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீனவர் வீடுகளில் ஏறி இறங்கலானார். "வாங்க தந்தி ஐயரே, எங்க வீட்டுக் கூறு சட்டியில கெடக்கு" என்பார்கள். சமைத்தது என்றால் சட்டிக்கும், தின்றது என்றால் வயிற்றுக்கும் காதைக் கொடுத்து எழுதுவார். கருப்பட்டிக் காப்பி மட்டும் குடிப்பார். எழுதியதைக் கூறு வைத்த வரிசைப்படி அடுக்கி, துரைமார் எங்கோ பிடித்துவைத்திருந்த ஒரு தடிப்புத்தகத்தில் எண்ணுக்கு நேரே சொல்லைப் பார்த்துப் பொருள் எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பொருள் இதுதான்: அரிசியில் புழு வைத்துவிட்டது. முள்ளங்கி ஊறுகாய் தீர்ந்துவிட்டது. கேப்டனுக்குக் கடைவாய்ப் பல் வலி.

மறுநாளும் பல் வலி. அதற்கு மறுநாள் கன்னம் வீங்கிவிட்டது. ஈத்தந்துறைப் பெண்களுக்கு அந்தக் கேப்டன்மேல் ஒரு பரிதாபம் வந்துவிட்டது. சந்தானகோபாலன் வாசலில் ஏறியதுமே "பல்லு எப்படி இருக்காம்?" என்று விசாரித்தார்கள். சலேத்தம்மாள் கொஞ்சம் கிராம்பைத் துணியில் முடிந்து கடலில் வீசினாள். எதிரிக்காக ஜெபிப்பது சுவிசேஷத்திலேயே இருக்கிறது என்று பங்குச்சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தையே பல்லுக்காக ஒதுக்கினார்.

மேலிடத்துக்குத்தான் கோபம். பல்லும் முள்ளங்கியும் யாருக்கு வேண்டும், நீர்மூழ்கி எங்கே நிற்கிறது என்று சொல் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். ஒவ்வொரு தந்தியும் தன்னில் எத்தனை எண் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லும். சந்தானகோபாலன் எண்ணிப் பார்த்தால் நாள் தவறாமல் கடைசியில் ஒன்று குறையும். இடத்தைச் சொல்வது அந்தக் கடைசி மீன்தான். "பிடிச்சது எல்லாம் கூறு வச்சாச்சா?" என்று கேட்டார். வைத்தாயிற்று என்றார்கள், பொய் இல்லை. கடலுக்குள்ளது கூறு இல்லையே, அதைச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூனை தின்றிருக்கும் என்று அவர் எழுதினார். அடுத்த வாரம் ஈத்தந்துறைப் பூனைகள் பதினேழும் சாக்குகளில் கட்டி லாரியில் ஏற்றப்பட்டு, பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாற்பது மைலுக்கு அப்பால் கொண்டுபோய் விடப்பட்டன. அப்போதும் ஒன்று குறைந்தது.

கடைசி மீன் எங்கே போனது என்று அறிந்த ஆள் உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

விஷயம் இப்படி. தினமும் ஆயிரம் தட்டு தட்டும் மீனைத் தொட்டுத் தொட்டுக் கித்தேரியின் விரலுக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. நீர்மூழ்கியில் தந்தி அடிப்பவர்கள் இரண்டு பேர் என்று சந்தானகோபாலனுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். ஒருவன் மழை மாதிரி படபடவென்று அடிப்பான். இன்னொருவன் தயங்குவான், ஒரு தட்டைத் தொடங்கிவிட்டு விடுவான், மறுபடி தொடங்குவான், கடைசித் தட்டை மட்டும் விட மனமில்லாததுபோல நீட்டி இழுப்பான். அவனுக்கு அவள் இழுவையான் என்று பெயர் வைத்தாள். தந்தியை முடிப்பது எப்போதும் இவன் கைதான். இழுவையானின் கடைசி மீனைக் கடலில் வீசப்போன முதல் நாள், அது அவள் கைக்குள் திக்கித் திக்கி நீட்டியபோது, அவளுக்கு விடக் கை வரவில்லை. வீசுவதுபோலக் கையை வீசினாள். மீன் மடிக்குள் இருந்தது.

அதைக் கட்டிலுக்குக் கீழே உப்புத்தண்ணீர்ப் பானையில் போட்டாள். மறுநாள் இன்னொன்று. வீட்டுக்குள் யாரோ பேச முயன்றுகொண்டிருப்பதுபோல இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் வயிறு நிறையச் சோறு தின்றாள். கடலை ஏமாற்றினால் கடல் ஆளை எடுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தன் ஆள் கடல்மேல்தான் இருக்கிறான் என்றும் தெரியும். தினமும் காலையில் இன்றைக்கு வீசிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கரைக்குப் போனாள். போன இடத்தில் மனசு கேட்கவில்லை.

அப்படித் தொண்ணூற்றிரண்டு நாள் கடந்து தொண்ணூற்று மூன்றாம் நாள். இழுவையான் அன்று வழக்கத்தைவிட அதிகமாகத் திக்கினான்; கூறு வைக்கும்போதே கித்தேரிக்கு விரல் கூசியது. கடைசி மீன் வழக்கம்போல மடிக்குப் போயிற்று. பெயர் சொல்லிக் கூறெல்லாம் வீட்டுக்குப் போய் உலையில் ஏறிவிட்டது. சந்தானகோபாலன் ராஜாங்கக் கூறை மட்டும் வைத்துப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், கைக்குட்டையை எங்கோ போட்டுவிட்டுக் கருவாட்டுப் பந்தலுக்கு ஓடிவந்தார்.

"அம்மா, உங்காத்துக்காரர் எந்தக் கப்பல்னு சொன்னேள்?"

"லேடி மாசுடன்."

"அந்தப் பேர் இதுல வந்திருக்கு. நாளைக்கு உச்சிவேளைன்னு வந்திருக்கு. மீதி எல்லாம் மத்தக் கூறுல இருக்கு. எல்லாரையும் கூப்பிடுங்கோ."

கோயில் மணி அடித்தார்கள். கூறு வாங்கிய பதினொரு பேரும் கரைக்கு வந்தார்கள், அதாவது கூறைத் தின்ற வயிறுகள் வந்தன. வள்ளத்துக்காரர் சம்மாட்டி கர்வாலோ பொரித்துத் தின்றிருந்தார். கோயில் கூறு பங்குச்சாமியாரின் சூப்பில் இருந்தது. கைம்பெண்கள் மூவரும் சண்டை வராமல் இருக்கத் தங்கள் கூறை ஒரே சட்டியில் ஆக்கி ஒருத்திக்கே ஊட்டியிருந்தார்கள். பிலோமி வீட்டுக்காரர்கள் சலித்துப்போய்ப் பன்றிக்குப் போட்டுவிட்டதால் ஒன்பதாவது இடத்துக்குப் பன்றி வந்தது. எல்லாரையும் கித்தேரி கூறு வைத்த வரிசையில் வட்டமாக நிறுத்தினாள். பிறகு காலையில் மீன் போட்ட அதே வேகத்தில், அதே சுற்றில், ஒவ்வொருவர் தோளையும் தொட்டுக்கொண்டு போனாள். அவள் தொட்ட வயிறு ஒரு மீன் அளவுக்குத் தட்டிவிட்டு நின்றது. சந்தானகோபாலன் காதைக் கொடுத்து எழுதிக்கொண்டே பின்னால் நடந்தார். ஒன்பதாவது இடம் வரும்போதெல்லாம் "ராமா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பன்றியின் விலாவில் காதை வைத்தார். ஏழு சுற்று.

எழுதியதை மணலில் பரப்பிப் படித்தார். லேடி மார்ஸ்டன் வருகிறது, துணைக்கப்பல் இல்லை, நாளை உச்சிவேளைக்கு மூழ்கடிப்போம், கேப்டனுக்குப் பல் தேவலை.

"எங்க வச்சு?" என்றார் கர்வாலோ.

"அதுதான் இல்லை. ஒண்ணு குறையறது. தினமும் குறையற அந்தக் கடைசி ஒண்ணு."

சலேத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயரே, கடைசி மீனு கடலுக்குல்லா" என்றாள்.

சந்தானகோபாலன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். தொண்ணூற்று மூன்று நாள், ஏழு மேலிடக் கடிதம், பதினேழு பூனை எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. பெண்கள் கித்தேரியைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். அவள் நேராக நின்றாள். மடிக்குள் இழுவையான் தட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷப் பெயரும் அங்கேதான் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் அது போய்விடும், கடலை ஏமாற்றியவள் என்று அவள் செத்த பிறகும் சொல்வார்கள். அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"கடலுக்குப் போகல. ஏங்கிட்ட இருக்கு" என்றாள்.

"ஏ தாயி, ஒக்காரு" என்றார் கர்வாலோ. "யாராச்சும் தண்ணி குடுங்க அவளுக்கு."

"நான் களவெடுத்தேன் சம்மாட்டி. வீசுத மாதிரி வீசி மடியில வச்சுக்கிட்டேன்."

"துக்கத்துல என்னென்னமோ வருது பாரு" என்றாள் ஒருத்தி. கித்தேரியாவது களவெடுக்கவாவது, சூரியன் மேற்கே உதிக்கும் என்றால்கூட அங்கே இரண்டு பேர் நம்புவார்கள். வேறு வழியில்லாமல் அவள் மடியை அவிழ்த்து மீனை எடுத்து எல்லாருக்கும் முன்னால் நீட்டினாள். மீன் திக்கித் திக்கித் தட்டிக் கடைசித் தட்டை நீட்டி இழுத்தது.

பங்குச்சாமியார் முழங்காலில் விழுந்தார். "கடல் திருப்பிக் கொடுத்திருக்கு. அந்தோணியார் திருப்பி வாங்கிக் கொடுத்திருக்காரு" என்றார்.

எதிரியின் தந்தி மீனாக வந்ததைப் புளி கரைத்துத் தின்ற ஊர், அவன் பல் வலிக்குக் கடலில் கிராம்பு வீசிய ஊர், இதை மட்டும் அற்புதம் என்று சொல்லி மண்டியிட்டது. சந்தானகோபாலன் அற்புதமா களவா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மீனைக் காதில் வைத்தார், எழுதினார், புத்தகத்தைப் புரட்டினார், "கன்னியாகுமரிக்குத் தெற்கே நாற்பது மைல்" என்று கத்திக்கொண்டே லாரிக்கு ஓடினார். கால்மணி நேரத்தில் லேடி மார்ஸ்டனுக்குப் பாதையை மாற்றச் சொல்லித் தந்தி பறந்துவிட்டது.

இத்தோடு விட்டிருந்தால் கித்தேரி இன்றைக்கு ஒரு குருசடியில் சிலையாக இருந்திருப்பாள். கப்பலுக்குச் சொல்லியாயிற்று, கேட்க ஆளில்லை, மணி அடிக்கிறது, கழுத்தில் யாரோ மாலை போட்டுவிட்டார்கள், நான்கு பேர் அவளைத் தூக்கிப் பவனிக்கு நாற்காலியில் வைத்துவிட்டார்கள். நாற்காலி தெருமுனை வரை போயிற்று. தன் வீட்டு வாசல் வந்ததும் அவள் குதித்து இறங்கினாள்.

"அற்புதமும் இல்ல, ஆமையும் இல்ல. நில்லுங்க" என்று உள்ளே போனாள். பானையைத் தூக்கிவந்து தெருவில் கவிழ்த்தாள். தொண்ணூற்றிரண்டு மீனும் மண்ணில் கிடந்து தட்டின.

இந்த முறை ஊர் நம்பியது.

"ஏம் எடுத்த?" என்று கேட்டார் கர்வாலோ. அவர் குரலில் கோபம்கூட இல்லை, தன் வீட்டுக் கூரையே பேசியதுபோல ஒரு திகைப்புத்தான் இருந்தது.

கித்தேரி தரையைப் பார்த்தாள். "அவரு மாதிரியே இழுக்கு" என்றாள்.

ஆண்கள் கடல்பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பெண்களில் பாதிப்பேருக்குப் புருஷனோ தம்பியோ கப்பலில் இருந்தான். சலேத்தம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க வீட்டுக் கூறையும் தந்திருப்பேனே, மூதேவி" என்றாள்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். மறுநாள் காலையில் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள்: கடலுக்குள்ளதை அவளே கடலில் கொண்டுபோய் விடவேண்டும், இனிமேல் அவள் கூறைத் தொடக்கூடாது, சலேத்தம்மாள் கூறு வைப்பாள், கித்தேரி முதுகைக் காட்டி நின்று பெயர் சொல்வாள். அதைவிடக் கடினமான தண்டனை அவளுக்கு இல்லை. சலேத்தம்மாள் வைக்கும் கூறு ஒன்று மலையாகவும் ஒன்று மடுவாகவும் இருக்கும் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

மீனை விடுவதற்கு முன் சந்தானகோபாலன் தொண்ணூற்றிரண்டையும் காதில் வைத்து எழுதி, லாரிக்குள் உட்கார்ந்து, மூழ்கிப்போன கப்பல்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பொருள் பார்த்தார். எல்லாம் எங்கே எங்கே என்று சொல்லும் மீன்கள். மூன்று மணி நேரம் கழித்து இறங்கியவர் தாள்களை அடுப்பில் போட்டார்.

"என்ன இருந்துச்சு ஐயரே?" என்றாள் கித்தேரி.

"பல் வலிதாம்மா. எல்லாம் பல் வலிதான்" என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு இறந்தோர் நினைவுக்கு மாதம் ஒரு மெழுகுவர்த்தி வைப்பாள், யாருக்கு என்று சொல்லமாட்டாள்.

லேடி மார்ஸ்டனுக்குக் குறித்திருந்த உச்சிவேளையும் அன்று கடந்தது. அடுத்த நாள் வலையில் ஒரே ஒரு மீன் பட்டது, மழை மாதிரி அடிக்கிறவனுடையது: கப்பல் வரவில்லை, தலைக்குமேல் விமானம். அதற்குப் பிறகு தந்திமீன் பட்டதே இல்லை. இழுவையான் என்ன ஆனான் என்று கித்தேரி கேட்டாள். தெரியாது என்றார் சந்தானகோபாலன், இந்தமுறை முகத்தைப் பார்த்தே சொன்னார். ஒரு திக்குவாயனைக் காப்பாற்ற இன்னொரு திக்குவாயனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவள் ஊரிலும் கடல் இருக்கும். அதை நினைத்து அவள் வாய்விட்டே அழுதாள்.

லாரி போயிற்று. பூனைகள் நாற்பது மைலும் நடந்தே திரும்பி வந்தன, போனதைவிட நான்கு அதிகமாக. சாளை வந்தது. ஐந்து மாதம் கித்தேரி கோயிலைப் பார்த்து நின்று பெயர் சொன்னாள்.

ஆறாம் மாதம் ஒரு காலை, நல்ல மீன்பாடு, வலை கரையேற வெகு நேரமாயிற்று. கரைவலையின் இரண்டு கயிறும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் போகும். வடக்குக் கயிற்றில் யார் நிற்கிறார்கள் என்று தெற்கே இருந்து பார்த்தால் தெரியாது. கித்தேரி தன் இடத்தில் முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் சலேத்தம்மாள் கூறு வைக்கும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட ஒரு கூறு அதிகமாக விழுவதுபோல இருந்தது. இவளுக்கு எண்ணவும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"இது யாருக்கு?"

"கர்வாலோவுக்கு."

"இது யாருக்கு?"

"கோயிலுக்கு."

இப்படிப் பதினொரு பெயரும் சொல்லி முடித்துத் திரும்பப்போனாள்.

"திரும்பாதட்டி" என்றாள் சலேத்தம்மாள். "இன்னும் ஒண்ணு கெடக்கு. இது யாருக்கு?"

கித்தேரி மனசுக்குள் பெயர்களை மறுபடி எண்ணினாள். வலை, வள்ளம், கோயில், கைம்பெண்கள், ஏழு வீடு. எல்லாம் ஆயிற்று. கயிறு பிடித்தவனுக்குத்தான் கூறு. அப்படியானால் கயிறு பிடித்தவன் ஒருவன் கூடுதலாக நிற்கிறான். பெயர் சொல்லி முடிகிறவரை திரும்பக்கூடாது.

"இஞ்ஞாசிக்கு" என்றாள்.

அவள் கோயிலைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "ஆனா அவரு பாதியில வந்துதான் கயிறு புடிச்சிருப்பாரு. அரைக்கூறு போதும்" என்றாள்.

"மு... மு... முழுசாப் புடிச்சேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வி... விடியுமுன்னே வந்துட்டேன். வே... வேணும்னா கேட்டுப்பாரு."

"வடக்குக் கயித்துல மொத ஆளு அவன்தான்" என்றார் கர்வாலோ.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கித்தேரி திரும்பினாள்.